பாசேஜ் நடுவே ஒரு பலூன்

தாராவியில் இருந்தபோது எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுத்தேன். செம்பூர்ப் பக்கம் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகும் அது தொடர்கிறது. நான் படித்தது பத்தாவது வரைதான். ஏழாவது முடித்ததும் பிள்ளைகளை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவேன். ஒருத்தி மட்டும் போகவே மாட்டேன் என்று ஒன்பதாவது வரை ஒட்டிக்கொண்டாள். அவளுக்காக நானும் முந்தின நாளே பாடத்தைப் படித்து வைப்பேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அறிவியலில் விசை, எதிர்விசைப் பாடம் வந்தது. அவள் அம்மா திலக் நகரில் ஒரு பெரிய கோச்சிங் கிளாஸ் பார்த்து வைத்திருந்தார்.

"இந்தப் பாடமும் புரியலன்னா அங்க சேத்துருவேன் டீச்சர். தப்பா நெனைக்காதீங்க."

நான் தலையாட்டினேன். அவள் இல்லாத சாயங்காலத்தை நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அறைக்குள் ஒரு நூல் கட்டி, ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை அதில் ஒட்டி விட்டேன். காற்று பின்னால் சீறியது. பலூன் முன்னால் ஓடி ஜன்னலில் முட்டியது.

"காத்து சுவத்தத் தள்ளுது, சுவர் பலூனத் தள்ளுது. சிம்பிள்," என்றாள்.

"சுவத்துக்கு இதுல வேலையே இல்லம்மா."

"அப்புறம் எப்படிப் போகும்? சும்மா சொல்றீங்க டீச்சர்."

எங்கள் அறையில் எங்கே நின்றாலும் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவர் இருக்கும். அவளை எப்படி நம்பவைப்பது? கதவைத் திறந்தேன். வீடுகளுக்கு நடுவே பாசேஜ் நீளமாகக் கிடந்தது. நூலின் ஒரு நுனியை எங்கள் வெளிக்கதவு சேஃப்டி டோரின் கம்பியில் கட்டலாம். மறு நுனிக்குக் கடைசி வீடுதான். அந்த வீட்டுப் பெண்ணிடம் லிஃப்டில் லேசாகச் சிரித்ததோடு சரி. பெல்லை அழுத்தப் போன விரல் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பலூனை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நின்றிருந்தாள். அழுத்திவிட்டேன்.

"அடடே, யாருக்குக்கா பர்த்டே?"

"இல்ல... பிசிக்ஸ்."

"எது?"

"உங்க கதவுல ஒரு நூல் கட்டிக்கட்டுமா?"

"நல்லா கட்டுங்க. இம்புட்டு நாளா ஒரே மாடில இருக்கோம், நூலு கட்டத்தான் வாரீயளாக்கும்!" சிரித்துக்கொண்டே அவரே முடிச்சுப் போட்டார்.

பாசேஜ் கோடியிலிருந்த ஜன்னலில் மழை வெளிச்சம் பால்போலத் தேங்கியிருந்தது. அதில் நூல் கண்ணுக்கே தெரியவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. நூலில் கோத்த ஸ்ட்ராவோடு பலூனைப் பிடித்தபடி அவள் நட்டநடுவில் நின்று, தனக்குப் பின்னால் எங்கள் கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பலூன் வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

சிவப்புப் பலூன் ஒன்றிலும் படாமல் வெளிச்சத்துக்குள் மிதந்து போனது. நொடியில் முடிந்திருக்க வேண்டும். என் ஞாபகத்தில் அது இன்னும் மெதுவாகத்தான் போகிறது.

"எதத் தள்ளிட்டு இப்படிப் பறந்து வருது?" என்றார் கடைசி வீட்டுப் பெண்.

நான் வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்.

"காத்தத்தான் ஆன்ட்டி. இது காத்த அந்தப் பக்கம் தள்ளுது, காத்து இத இந்தப் பக்கம் தள்ளுது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளிக்குது. சுவரே வேணாம்." சற்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ராக்கெட்டும் அப்படித்தானே டீச்சர்?"

"அப்படித்தான்."

"மம்மிட்ட நானே பேசிக்கிறேன்."

நூலை அவிழ்க்கப் போனேன்.

"அவுக்காதீய, நானும் ஒண்ணு விடுதேன்," என்று அந்தப் பெண் கன்னம் உப்ப இன்னொரு பலூனை ஊதத் தொடங்கியிருந்தார்.