முன்சீட்டுக்காக ஒரு பூதச் சண்டை

இன்று காலை ரிசார்ட் காரில் யாரோ எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்தார்கள். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு ஊறுகாய் ஞாபகம் வரும். எனக்கு ஆரோக்கியம் அண்ணனும் பூதங்களும்தான்.

நான் போடியிலிருந்து மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். அப்போதெல்லாம் எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து போடிமெட்டு ரிசார்ட்டுக்குத் தினமும் ஜீப்பில் வேலைக்குப் போவோம். பின்னால் பன்னிரண்டு பேர். முன்னால், டிரைவர் முருகேசன் பக்கத்தில், ஒரே ஓர் இடம். அந்த இடம் எப்போதும் சமையல்கட்டு ஆரோக்கியம் அண்ணனுக்கு. எனக்கோ பின்னால் உட்கார்ந்தால் இரண்டாவது வளைவிலேயே வயிறு புரளும். வெளியே சொன்னால் மானம் போகும். போடிக்காரிக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்.

அப்போது எல்லார் போனிலும் பூதம் பிடிக்கிற விளையாட்டு. நிற்கிற இடத்துக்கும் அதன் வானிலைக்கும் ஏற்ற பூதம்தான் சிக்கும். எங்கள் லயத்தில் எந்நேரமும் மழை, மஞ்சு மூட்டம். அண்ணன் நீர்ப்பூதச் சாம்பியன் ஆகிவிட்டார். நான் போடி வெயிலில் பிடித்துவந்த நெருப்புப் பூதங்களுக்குச் சாம்பியன். ஜீப்பே இரண்டு கட்சியானது. "நான் தண்ணியத் தவிர வேற எதையும் தொடமாட்டேன் தாயி," என்பார் அண்ணன், ஏதோ விரதம் இருப்பவர் மாதிரி.

எனக்கு ஒரு யோசனை. "மோதிப் பாப்பமாண்ணே? செயிச்சவுகளுக்கு முன்சீட்டு." வீறாப்பில் சரி என்றுவிட்டார்.

நீர் நெருப்பை அணைக்கும். ஆனால் கொடிப்பூதம் நீரைக் குடித்துவிடும். ஒரு வாரம் ஏலக்காட்டில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் ஐந்து கொடிப்பூதங்களைப் பிடித்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டி மதியம், டீக்கடையில். பெயருக்கு ஒரு நெருப்பை இறக்கித் தோற்றேன். பிறகு கொடியை விட்டேன். அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இறக்கினார் பாருங்கள், ஒரு நெருப்புப் பூதம்! அதற்குப் பின்னால் இன்னொன்று. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் போடிக்குப் போய் மாமியாரைப் பார்த்துவிட்டு வருவார். எவ்வளவு பாசம் என்று நாங்கள் உருகியிருந்தோம். மாமியார் வீட்டு மொட்டைமாடியில் நின்று பூதம் பிடித்திருக்கிறார் மனுஷன்.

முருகேசன் தலையில் அடித்துக்கொண்டார். "கட்சி மாறுறவுக ஒரு வார்த்த சொல்லிட்டு மாறக் கூடாதா?"

ஐந்து கொடிகளும் கருகின. இனி இந்த மழைக்காலம் முழுக்கப் பின்சீட்டுதான் என்று நினைத்ததும் அழுகையே வந்தது. ஜெயித்த தெம்பில் அண்ணன், சாயந்தரம் முதல் ஆளாகப் பின்னால் ஏறினார். "முன்சீட்டு எனக்குன்னு காலியாவே கெடக்கட்டும். இன்னிக்கு நம்ம கட்சிக்காரவுகளோட வாரேன்." இரண்டாவது வளைவில் ஜீப் நின்றது. நான் இடது பக்கம் இறங்கி ஓடினேன். வாயைப் பொத்திக்கொண்டு வலது பக்கம் ஓடியது அண்ணன்.

முகத்தைக் கழுவிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். நகத்தால் கீறி, இரண்டாகப் பிய்த்து, பாதியை என்னிடம் நீட்டினார்.

"நீயுமா தாயி? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீகளாண்ணே?"

மறுநாளிலிருந்து அந்த ஒற்றை இடத்தில் இரண்டு பேர். கியர் போடும்போதெல்லாம் முருகேசன் எங்கள் இரண்டு பேரின் பரம்பரையையும் திட்டுவார்.

அந்த விளையாட்டை எப்போதோ மூடிவிட்டார்கள். ஜீப்பும் இல்லை. அண்ணன் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். ரிசார்ட் காரில் முன்சீட்டு முழுவதும் இப்போது எனக்குத்தான். ஆனாலும் ஏறினதும் கதவோரமாக ஒடுங்கித்தான் உட்காருகிறேன். "நல்லா தள்ளி உக்காருங்கக்கா, எடம் கெடக்குல்ல," என்கிறான் புது டிரைவர்.