காலால் எண்ணிய வேட்டு

எங்கள் வெள்ளாமைக் காட்டுக் கிணற்றில் வேட்டு வைக்கிற நாளில் என் மாமியார் காலில் செருப்பு இருக்காது. என்னையும் போட விடமாட்டார்.

"கழட்டிப் போட்டுட்டு மண்ணுல நில்லு. காத நம்பாத, கால நம்பு" என்பார்.

ஏன் என்று கேட்டால் பதில் வராது. கல்யாணமாகி வந்த புதிதில் இது ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். எழுபதுகளில் மழை ஏமாற்றிய வருசங்களில் கிணற்றை ஆழப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஆழத்தில் எல்லாம் பாறை. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியைப் பற்ற வைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வந்துவிட வேண்டும். எத்தனை குழியோ அத்தனை வெடி கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் உள்ளே ஒரு குழி மருந்தோடு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் மாமனார் அப்படித்தான் போனார். எல்லாம் வெடித்துவிட்டது என்று நம்பி இறங்கி, கடப்பாறையைப் போட்டார். வெடிக்காத குழி அங்கே இருந்திருக்கிறது. அப்போது என் வீட்டுக்காரருக்கு ஒன்றரை வயசு. அப்பன் முகம் அவருக்கு நினைவில்லை.

இது ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அது எனக்கும் வெகுநாள் தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் எண்ணுவதில் என்னை ஒருத்தரும் ஏமாற்றியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதனால்தானோ என்னவோ, மாமியார் சொன்னபடி வெறுங்காலோடு நின்று நின்று எனக்கு அது பழகிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் பாதத்தில் ஒரு தட்டு விழும். முழங்கால் வரைக்கும் ஏறி அடங்கும்.

அந்த வருசம் வேட்டு வைக்க வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். ஏழு குழி. காலை வெயில் ஏறுகிற நேரம். அவர் பற்ற வைத்துவிட்டு ஏறி வந்தார். எல்லாரும் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினோம். வெடிக்க ஆரம்பித்தது. காது ஏழு சொன்னது. கால் ஆறுதான் சொன்னது.

"ஏழு. எண்ணிட்டேன். புகை அடங்கட்டும், எறங்கலாம்" என்றார் வேட்டுக்காரர்.

சொந்தக் கிணற்றில் முதலில் இறங்குகிறவர் கிணற்றுக்காரர்தான். கூலிக்கு வந்தவரை முதலில் இறக்கிவிட்டால் பங்காளிகள் ஏசுவார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏனுங்க, எறங்க வேண்டாமுங்க. ஆறுதானுங்க வெடிச்சுது."

"எல்லாருக்கும் ஏழு கேட்டுது. உனக்கு மட்டும் ஆறா?"

"கால்ல ஆறுதானுங்க."

"உன்ற காலுக்குக் காது மொளச்சிருக்குதா?" என்று சிரித்தார். வேட்டுக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இறங்குகிற வடக்கயிறு கிணற்று மேட்டில் சுருட்டிக் கிடந்தது. போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வெயிலில் கயிறு சுட்டது. எழுந்திருக்கச் சொன்னார். எழுந்திருக்கவில்லை. கோபமாகச் சொன்னார். அப்போதும் எழவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மாமியார் மோர்த் தூக்கோடு வந்தார். நடந்ததைக் கேட்டார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றின் மறுபக்கம் என்னோடு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க. இனி எங்க எறங்கறது?" என்றார் வேட்டுக்காரர். "நாளைக்குப் பாத்துக்கலாங்க."

அன்றைக்கு மருந்து நனையட்டும் என்று உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் விடிந்து இறங்கினார்கள், முதலில் என் வீட்டுக்காரர், பின்னால் வேட்டுக்காரர். நான் மேட்டில் நின்றேன். கடப்பாறையைக் கொண்டுபோகவில்லை, கையாலேயே கல்லைப் புரட்டினார்கள். ஒவ்வொரு குழியாகப் பார்த்து, வெடித்திருந்தால் மேலே கேட்கிற மாதிரி எண்ணிச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

"ஒண்ணு." "ரெண்டு." ஐந்து வரைக்கும் சீக்கிரம் வந்தது. ஆறும் வந்தது.

அதற்குப் பிறகு சத்தமில்லை. கல் உருள்கிற சத்தம் மட்டும். அவர் கை எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று மேலிருந்து தெரியவில்லை. கூப்பிடவும் பயம், எங்கே திடுக்கிட்டு எதையாவது போட்டுவிடுவாரோ என்று. பக்கத்தில் மாமியார் என் கையைப் பிடித்தார். அந்த விரல்கள் கட்டை மாதிரி விறைத்திருந்தன.

"ஏழு. கல்லுக்கு அடியில கெடக்குது. இதும் வெடிச்சுத்தான் இருக்குது. ஆறாவதும் இதும் ஒரே நேரத்துல ஒண்ணா வெடிச்சிருக்குது."

கால் தப்பாகச் சொல்லியிருந்தது. ஊர் ஒரு வருசம் சிரித்தது. தண்ணீர் எடுக்கப் போனால், "ஏனம்மிணி, இன்னிக்கு மழை வருமான்னு உன்ற காலக் கேட்டுச் சொல்லு" என்பார்கள். நான் தலையைக் குனிந்ததில்லை.

ஆனால் ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் அழுதேன். மாமியார் என் எதிரில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் சொன்னார்.

"உன்ற மாமனாரு போன அன்னிக்கு அஞ்சு குழி, சாமி. அவரும் வேட்டு வெச்சவங்களும் தூரமா ஓடிப் போயிட்டாங்க. களத்துல நான்தான் பக்கத்துல நின்னேன். இடுப்புல உன்ற புருசன், கால்ல செருப்பு. எத்தனைன்னு என்னையத்தான் கேட்டாரு உன்ற மாமனாரு. அஞ்சுன்னேன். நாலுதான் வெடிச்சுது. அஞ்சாவது, அந்தக் கரட்டுல மோதித் திரும்பி வந்த சத்தம்."

மேற்கே எங்கள் காட்டை ஒட்டி நிற்கிற பாறைக் கரட்டை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் அது தெரியும். அவர் எப்போதும் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"திரும்பி வர்ற சத்தத்துக்கு மண்ணு அதுராது. அது எனக்குப் பின்னாலதான் தோணுச்சு. உன்னையப் பாத்துச் சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போறாங்க. என்ற கணக்க எல்லாரும் நம்புனாங்க, சாமி."

என் வீட்டுக்காரருக்கு இதை நான் சொன்னதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மாமியார் போய்விட்டார். அந்தப் பயத்தை என்னோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். என் மகளிடம் வேட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் வந்துவிட்டன, இனிக் கிணற்றில் இறங்குகிற வேலை குறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை. வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துக் காட்டில் வேட்டு வைக்கப் போகிறார்கள் என்று கூவுகிற குரல் கேட்டது. அவள் எழுந்து ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் நின்றாள். கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. என் மாமியார் நின்ற அதே மாதிரி. நான் நிற்கிற மாதிரியும் அதுதானே.

வெடித்து முடிந்தது. நான் எண்ணவில்லை. செருப்புக் காலோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை?" என்றேன்.

"காதுல ஆறுங்கம்மா. கால்ல அஞ்சு."

அங்கே எத்தனை குழி என்று எனக்குத் தெரியாது. செருப்பை உதறிவிட்டு வரப்பில் ஓடினேன். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். கிணற்று மேட்டில் ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை குழி என்று கேட்டேன். ஆறு என்றார். நான் அந்தக் கயிற்றின்மேல் உட்கார்ந்தேன்.

அன்றைக்கும் சிரித்தார்கள். மறுநாள் வரைக்கும் யாரும் இறங்கவில்லை.