வயித்துவலின்னு சொல்லிருவோம்

தினசரியில் உள்ளூர்ப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவரா நீங்கள்? நான் அப்படித்தான். அதில் ஒன்று கவனித்திருக்கிறேன். நம் பக்கம் சின்ன வயசில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பெண் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வியாதிதான் — 'தீராத வயிற்றுவலி'. ராஜபாளையமாகட்டும், வத்திராயிருப்பாகட்டும், அதே இரண்டு வார்த்தை. இத்தனை பிள்ளைகளுக்கா வயிற்றுவலி? அப்படியானால் நகராட்சி குடிதண்ணீரை அல்லவா முதலில் சோதிக்க வேண்டும்!

போன மாதம் அந்த வயிற்றுவலி எங்கள் சர்ச் சபைக்குள்ளேயே வந்துவிட்டது.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் பஸ், பால்காரர், மாமியார் என்று அரட்டை அடிக்கிறவள் இன்றைக்கு ஏன் இப்படி ஆரம்பிக்கிறாள் என்று முகம் சுளிக்காதீர்கள். சம்பந்தப்பட்டவளே எழுதச் சொன்னாள். "பேர மட்டும் மாத்திராதீங்கக்கா" என்றும் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

அவள் பெயர் கிரேஸ். ஹாஸ்டலில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். ராஜபாளையத்தில் வீடு. வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் சுகந்தி, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் சர்ச்சுக்குத்தான் வருவேன். பாடகர் குழுவில் முன் வரிசையில் நின்று, பாட்டுக்கு நடுவே தன் தங்கையைப் பார்த்துக் கண்ணடிப்பாள் சுகந்தி. அதைப் பார்த்துச் சின்னவள் சிரிக்க, கிரேஸ் அவள் தொடையில் கிள்ள... வாரம் தவறாமல் நடக்கும் கூத்து அது.

அந்தப் பிள்ளை போய்விட்டாள். தானாகவே.

எப்படி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. ஏன் என்றும் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. பரீட்சையா, காதலா, வீட்டில் திட்டினார்களா என்று ஊர் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. பெற்றவளுக்கே தெரியாதது டீக்கடைக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் சபையில் ஒருவர் இறந்தால் சர்ச் மணி அடிக்கும். உடல் சர்ச்சுக்குள் வரும். கல்லறைத் தோட்டத்தில் சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். தானாக உயிரை விட்டவர்களுக்கு இது எதுவும் கிடையாது. மணி இல்லாமல், பின்சுவர் ஓரமாக அடக்கம் பண்ணிவிட்டு வருவார்கள். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் தேவசகாயம் அண்ணாச்சி வருகிறார். சபைச் செயலாளர். இரும்புக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமோ சாவோ, அண்ணாச்சி இல்லாமல் எங்கள் சபையில் ஒரு காரியம் நடக்காது. கறாரான மனிதர்... சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அன்றைக்குப் போலீஸ், ஆஸ்பத்திரி என்று வெயிலில் அலைந்ததும் அவர்தான். திரும்பி வந்தவர் ஐயரைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம், குழம்பிக்கொள்ளாதீர்கள்.

"வயித்துவலின்னு சொல்லிருவோம் ஐயரே. பிள்ளைக்கு மணி அடிக்கணும்லா."

மணி அடித்தது. சுகந்தி சர்ச்சுக்குள் வந்தாள். அவள் தாத்தாவுக்குப் பக்கத்தில் இடமும் கிடைத்தது. அண்ணாச்சி செய்தது அன்பினால் செய்த காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வம்பு மறுநாள் சாயங்காலம்தான் ஆரம்பித்தது.

துக்க வீட்டுக்குப் போவதில் எங்கள் பெண்கள் ஐக்கியத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பொழுது சாய்ந்தால் பாட்டுப் புத்தகத்தோடு ஆஜராகிவிடுவார்கள். ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், அப்புறம் காப்பி. சொல்வதற்கு ஒரு வார்த்தையும் எப்போதும் தயாராக இருக்கும் — ஆண்டவர் அழைத்துக்கொண்டார். பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது சரி. பதினாறு வயசுப் பிள்ளை இப்படிப் போன வீட்டில் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் பழியைத் தூக்கி ஆண்டவர் மேல் போட்டது மாதிரி ஆகிவிடாதா?

அதனால் பேச்சு மொத்தமும் வயிற்றுவலிப் பக்கம் திரும்பிவிட்டது.

எத்தனை நாளாக வலி? எந்த டாக்டர்? ஸ்கேன் எடுத்தீர்களா? மதுரைக்குக் கொண்டுபோயிருக்கலாமே... என் நாத்தனார் மகளுக்கும் இதே வலிதான், கான்சாபுரத்தில் ஒருத்தர் மருந்து கொடுத்தார், இப்போது இரண்டு பிள்ளை பெற்று ஜம்மென்று இருக்கிறாள்...

விஷயம் தெரியாதவர்கள் கேட்டால் பரவாயில்லை. தெரிந்தவர்களும் கேட்டார்கள்! உண்மை எல்லோருக்கும் தெரியும், இருந்தும் எல்லோரும் பொய்க்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு மரியாதை என்று நினைத்தார்கள். பாவம், வேறு எதைப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கிரேஸ் முதலில் தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம், கொஞ்ச நாளாகவே வலி இருந்தது என்றாள். அப்புறம் ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னாள். உடனே ஒரு அம்மா உச்சுக் கொட்டினார். "அந்தாள்ட்டயா காமிச்சிய? அவருக்கு ஒண்ணுமே தெரியாதே..."

எல்லோரும் கிளம்பிய பிறகு நான் அடுப்படியில் காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கிரேஸ் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எம் பிள்ளைக்கு ஒருநாளும் வயிறு வலிச்சதில்லக்கா. கல்லத் தின்னாலும் செரிச்சிரும் அவளுக்கு. இப்ப நான் வைத்தியம் பாக்காம சாக விட்டவளா ஆயிட்டேன்."

ஏற்கெனவே நூறு கேள்வி கேட்டுத் தன்னைத் தானே குதறிக்கொண்டிருக்கிற தாய் அவள். அது போதாதென்று, செய்யாத ஒரு குற்றத்தையும் அவள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். அதுவும் ஆறுதல் என்ற பெயரில்... பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி!

நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் பேசினாள். யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அவள ஆண்டவர் ஏத்துக்கிடுவாராக்கா?"

"உன்னைவிட அவருக்கு அவ மேல பாசம் கம்மின்னா நெனைக்க?" என்றேன்.

நான் வேத சாஸ்திரம் படித்தவள் இல்லை. அந்த விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலையில் ஆண்டவர் நம்மை வைக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். சிநேகிதன் செத்த இடத்தில் நின்று கண்ணீர் விட்டவரைத்தான் நாங்கள் கர்த்தர் என்று தொழுகிறோம். அவர் அங்கே போய், எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று விசாரிக்கவில்லை. அழுதார். கிறிஸ்தவ ஆறுதல் என்று ஒன்று இருந்தால் அது அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வரும் ஞாயிறு அவர்களுடைய ஞாயிறு. அதாவது, அடக்கம் முடிந்து வரும் முதல் ஞாயிறு வீட்டார் எல்லோரும் முன் பெஞ்சில் சேர்ந்து உட்கார வேண்டும். ஐயர் இறந்தவர் பெயரையும் கண்ட வியாதியையும் சொல்லி ஜெபிப்பார். ஆராதனை முடிந்ததும் சபையார் வரிசையாக வந்து கைகொடுப்பார்கள். அந்த ஜெபத்தில் வயிற்றுவலி என்ற வார்த்தை வரக் கூடாது என்றாள் கிரேஸ். வந்தால் எழுந்து நின்று இல்லையென்று சொல்லிவிடுவாளாம். சும்மா சொல்லவில்லை. ஹாஸ்டலில் புளித்த சாம்பாரை வார்டன் மேஜையில் கொண்டுபோய் வைத்தவள் அவள்.

சனிக்கிழமை ஐயர் வீட்டுக்குப் போனோம். கிரேஸ், அவள் வீட்டுக்காரர், நான். ஐயர் சின்ன வயசு, இந்தச் சபைக்குப் புதுசு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார். அண்ணாச்சியின் டிவிஎஸ் 50 வாசலில் வந்து நின்றபோது, சரி, இன்றைக்குச் சண்டைதான் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

அண்ணாச்சி சண்டை போடவில்லை. கெஞ்சினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சின்னவ இருக்காளே தாயி. நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் வந்தா, அக்கா இப்படிப் போனவன்னு பேச மாட்டாகளா? அத யோசிச்சியா?"

கிரேஸின் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அண்ணாச்சி சொல்வதே சரி என்று பட்டது போல. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் எனக்கும் பட்டது. நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரியாதா?

கிரேஸ் நிமிர்ந்தே பேசினாள்.

"சின்னவளுக்காகத்தான் அண்ணாச்சி சொல்லப் போறேன். அவளுக்கு எல்லாம் தெரியும். நாம அம்புட்டு பேரும் கூடி வயித்துவலின்னு சொல்றதப் பாத்துக்கிட்டே இருக்கா. நாளைக்கு அவளுக்கு மனசுல ஒரு கஷ்டம் வந்தா எங்கிட்ட வந்து என்ன சொல்லுவா? அவளும் வயித்துவலின்னுதான சொல்லுவா? பொறவு நான் இவளையும் பறிகுடுத்துட்டு நிக்கவா?"

அவள் வீட்டுக்காரர் மெதுவாக வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருப்பேனா? மணி அடிக்கப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் மாற்ற வேண்டியது அந்த வழக்கத்தை, பிள்ளையின் கதையை அல்ல என்றேன். ஐயர், அதைக் கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்றார். கமிட்டி என்றால் உங்களுக்கே தெரியும்... ஆனால் விடுவதாக இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்பேன்.

இந்த இடத்தில், இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மனசு தாங்காமல் போகிற நேரம் யாருக்கும் வரும். அது வெட்கப்படுகிற காரியமே இல்லை. அம்மாவிடம் சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் டீச்சரிடம், சித்தியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல். ஒருவர் காது கொடுக்காவிட்டால் அடுத்தவரிடம் போ. வலி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைச் சொல். பெரியவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை: அப்படி ஒரு பிள்ளை வந்தால் கையிலிருக்கிற வேலையைக் கீழே போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன் பெஞ்சில் கிரேஸ், அவள் வீட்டுக்காரர், நடுவில் சின்னவள். நேரம் வந்ததும் ஐயர் பீடத்தின் படியிறங்கி அவர்கள் முன்னால் வந்து நின்றார். கிரேஸ் எழுந்தாள்.

சுகந்தி வியாதியில் சாகவில்லை, அவளே தன்னை முடித்துக்கொண்டாள், ஏனென்று எங்களுக்குத் தெரியவில்லை என்றாள். "எங்ககூட சேந்து அழுங்க. டாக்டர் பேரு மட்டும் கேக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்கள் பக்கம் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஐயர் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார். புத்தகத்தில் இதற்கு ஜெபம் இல்லை போல.

"ஆண்டவரே, சுகந்தி பட்ட வேதனை என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரியும். அவள் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. அவளை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நீரும் விட்டுவிடாதேயும்."

'ஆமென்' கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் சத்தமாக வந்தது. சின்னவள் தன் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா போன நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை என்று கிரேஸ் பிறகு சொன்னாள்.

ஆராதனை முடிந்தது. வாசலில் அவர்கள் நிற்க, சபையார் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். கூட்டத்தில் கிரேஸ் தள்ளாடிவிடக் கூடாதே என்று நானும் பக்கத்தில் நின்றேன். பெண்கள் ஐக்கியத்தார் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். அப்பாடா!

அண்ணாச்சி வந்தார். கை கொடுத்தார். கொடுத்த கையை எடுக்கவில்லை.

"என் தம்பிக்கும் வயித்துவலின்னுதாம்மா சொன்னோம்" என்றார்.

அண்ணாச்சிக்கு ஒரு தம்பி இருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தம்பி பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள் கிரேஸ்.

"சாமுவேலு" என்றார். அப்புறம் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, "சாமுவேலு". ரெண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுவானாம். வத்திராயிருப்பு வரைக்கும் அப்படியே போய் மாங்காய் பறித்துக்கொண்டு வருவானாம். அப்பாவிடம் அடி வாங்கும்போதும் சிரிப்பானாம்... அண்ணாச்சி சொல்லிக்கொண்டே போனார். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கிரேஸ் அவர் கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வரிசை பின்னால் பீடம் வரைக்கும் தேங்கி நின்றுவிட்டது. யாரோ என் தோளைத் தொட்டு, "செத்த நகருங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்கள்.

நான் நகரவில்லை.