பன்னிரண்டு கன்றுகளின் முகவரி

விமான நிலையத்தின் சரக்கு வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒற்றை அறைதான் 'இணைப்பு' சாரின் ஆபீஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. செடி இறக்குமதிக்கு மனுப் போட்டுக் கொடுக்கும் லைசென்ஸ் ஏஜென்ட் அவர்; எந்த மனுவை எழுதினாலும் கடைசியில் 'இணைப்பு காண்க' என்று போடுவார். அதனால் தாவரப் பரிசோதனை அலுவலகத்தின் குமாஸ்தா முதல் கேட்டைத் திறக்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் இணைப்பு சார். அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

வெளிநாட்டிலிருந்து உயிரோடு ஒரு செடியை வரவழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. செடி அங்கே கிளம்பும் முன்பே இங்கே இறக்குமதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இதற்கு நோயில்லை என்று அந்த நாடு சான்றிதழ் தர வேண்டும். வேரில் ஒரு சிட்டிகை மண்கூட ஒட்டியிருக்கக் கூடாது. வந்து இறங்கிய பிறகும் ஒரு வருடம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்த முகவரியில், மற்ற செடிகளை விட்டு விலக்கி வளர்க்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்த்து, கோளாறில்லை என்று எழுதினால்தான் செடிக்கு விடுதலை. இதெல்லாம் இணைப்புக்குத் தண்ணீர் பட்ட பாடு. செடியைத்தான் தெரியாது. மாங்கன்றையும் ஆரஞ்சுக் கன்றையும் எதிரே வைத்து எது எது என்று கேட்டால், காகிதத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிற ஆள்.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மொட்டைமாடிதான் தோட்டம். விலக்கி வளர்க்க அவர்கள் இடத்துக்கு எங்கே போவார்கள்? அதற்கு இணைப்பு ஒரு வழி வைத்திருந்தார். ஊருக்கு வெளியே அவருடைய தங்கைக்கு இருநூற்று நாற்பது மரங்களோடு ஓர் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. தோட்டத்தின் பின்னால் சும்மா கிடந்த காலியிடத்தை எல்லா மனுவிலும் முகவரியாக எழுதிவிடுவார். நிலத்துக்காரி என்ற இடத்தில் அவர் விரலை வைப்பார். தங்கை கையெழுத்துப் போடுவாள். என்ன ஏது என்று கேட்கமாட்டாள். கணவன் போன பிறகு ஓடியாடி வந்து நின்றவர் இந்த அண்ணன்தான் என்பது அவள் கணக்கு.

பதினோரு வருடத்தில் அந்தக் காலியிடத்துக்கு ஒரு செடிகூட வந்ததில்லை; எல்லாம் நேரே வாங்கியவர்களிடமே போய்விடும். பழைய அதிகாரிக்கு முழங்கால் வலி. மேஜையை விட்டு எழுந்திருக்காமலே 'நேரில் பார்த்தேன்' என்று எழுதுவார். யாருக்கு என்ன நஷ்டம் என்று இணைப்பு நினைத்தார். உண்மையைச் சொன்னால், அப்படிக்கூட அவர் நினைத்ததில்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது. பழையவர் ஓய்வு பெற்றுப் போய், அந்த இடத்தில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி அதிகாரியாக வந்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுப் பண்ணையிலிருந்து பலருக்கும் ஆரஞ்சுக் கன்றுகள் வந்தன. அதில் சிலவற்றில் இப்போது நோய் தெரிகிறது என்று எழுதியிருந்தாள். இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், பழம் கசக்கும், இரண்டு மூன்று வருடத்தில் மரம் பட்டுப்போகும். மருந்து கிடையாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குட்டிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். இணைப்பு மனுப் போட்டு வந்த பன்னிரண்டு கன்றுகளை அவர் கொடுத்த முகவரியில் பார்க்க வருவதாகவும், அவை அங்கே இல்லாமல், போன இடமும் தெரியாமல் இருந்தால் நோய் அங்கே பரவிவிட்டதாகக் கொண்டு அந்த முகவரியிலுள்ள ஆரஞ்சு மரங்கள் அத்தனையும் வெட்டி எரிக்கப்படும் என்றும் கடைசிப் பத்தி சொன்னது.

அந்தப் பன்னிரண்டையும் வாங்கிப்போனவர் பைபாஸ் ரோட்டு நர்சரிக்காரர். இணைப்பு அன்றே ஓடினார். நர்சரிக்காரர் குழாயை மூடாமலே பேசினார். தாய்ச்செடிகளில் இரண்டு வருடம் மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டிக்கொண்டாராம். பிறகு அவற்றை யாரோ ஒருவருக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டாராம். யார் என்று நினைவில்லை. இப்போது ஓடுகிறதெல்லாம் அதன் பிள்ளைகள்தான் என்று, இடுப்பு உயரத்துக்கு நின்ற வரிசைகளைக் காட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இணைப்பு யோசிக்காமல் இல்லை. சொன்னால் லைசென்ஸ் போகும். பதினோரு வருட ஃபைலும் வெளியே வரும். ஒவ்வொன்றிலும் தங்கையின் கையெழுத்து இருக்கிறது. அவளையும் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். அவருடைய கண் அந்த வரிசைகளின் மேலேயே நின்றது.

"அச்சு அசல் அதே ரகம்தானே?" என்று கேட்டார்.

"அதே ரகம்தான் சார். இங்கயே ஒட்டுக் கட்டினது. இதுக்கு ஒரு பேப்பரும் வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தையில் இணைப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளூர்ச் செடி; காகிதமே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்ததாக எந்தக் காகிதமும் சொல்லாத செடிக்கு வெளிநாட்டு நோய் எப்படி வரும்? படித்த மனிதர்தான், ஆனால் அப்படித்தான் நினைத்தார். அதிகாரி பார்ப்பாள், இலையெல்லாம் நன்றாக இருக்கும், எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். பன்னிரண்டு கன்றை வாங்கி வேனில் ஏற்றும்போது சில இலைகள் வெளிறியிருந்தன. தண்ணீர் காணாது என்று விட்டுவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கன்றுகளைத் தோட்டத்தின் பின்னால் நட்டார்கள். கடைசி வரிசை மரத்திலிருந்து முப்பது அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. இணைப்பு டேப் பிடித்து அளந்தார். அந்த விதியை அவர் முதல்முறையாகக் கடைப்பிடித்தது அன்றுதான். ஒரு ஃபார்மாலிட்டி, அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் பிடுங்கிவிடலாம் என்று தங்கையிடம் சொன்னார். பிடுங்குவதென்றாலும் அதுவரைக்கும் வாடவிடக் கூடாது என்று அவள் குடத்தை எடுத்து வந்தாள்.

பத்தாவது நாள் அதிகாரி வந்தாள். அதிகம் பேசாத பெண். பன்னிரண்டையும் எண்ணினாள். மண் புதிதாக இருக்கிறதே என்று கேட்டாள். இடம் மாற்றி நட்டதாக இணைப்பு சொன்னார். பொய் தங்குதடையில்லாமல் வந்தது. அவள் குனிந்து ஓர் இலையைத் திருப்பி, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த கன்று. பிறகு அதற்கடுத்தது. நான்காவதில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்ததும் இவர்கள் பக்கம் திரும்பாமல் நேரே தங்கையின் மரங்களை நோக்கி நடந்தாள்.

கடைசி வரிசையில் இருந்த மரம் அந்த வருடம்தான் நன்றாகக் காய்த்திருந்தது. அதிகாரி ஓர் இளந்தளிரை வளைத்து, கண்ணாடியை இணைப்பிடம் நீட்டினாள். எள்ளில் பாதி இருக்கும். நாலைந்து பூச்சிகள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"செடியில நோய் இருக்கு. பூச்சி மரத்துக்கும் வந்தாச்சு," என்றாள். "தோட்டம் முழுசும் எடுத்தாகணும். மன்னிச்சுக்கோங்கம்மா."

'எல்லாம் அதன் பிள்ளைகள்தான்' என்று நர்சரிக்காரர் சொன்னது இணைப்புக்கு அப்போதுதான் உறைத்தது. தாயிடம் இருந்தது பிள்ளைகளிடமும் இருந்திருக்கிறது. அதை விலைபேசி வாங்கி, வேனில் ஏற்றி, டேப் பிடித்து அளந்து, தன் கையாலேயே இங்கே நட்டிருக்கிறார். அவர் எழுதிய முகவரிக்கு முதன்முதலாகச் செடி வந்து சேர்ந்துவிட்டது.

அழிப்பதற்குச் சம்மதப் படிவம் ஒன்று இருந்தது. உங்களுக்குத் தெரியாததா, நீங்களே நிரப்பிவிடுங்கள் என்று அதிகாரி அவரிடமே கொடுத்தாள். அதிகாரி வந்த காரின் முன்பக்கத்தில் வைத்து அவர் எழுதினார். கை பாட்டுக்கு எழுதியது. மரங்களின் எண்ணிக்கை, இருநூற்று நாற்பது. செடிகள் இம்முகவரிக்கு வந்த நாள் என்ற கட்டத்தில், ஃபைலில் இருந்த மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. கண் மங்கியபோது துடைத்துக்கொண்டார். கீழே, வழக்கம்போல, நிலத்துக்காரி என்ற இடத்தில் விரலை வைத்தார்.

தங்கை பேனாவை வாங்கினாள். அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை மெல்ல உருவிக்கொண்டாள்.

"இரு அண்ணா. இந்தத் தடவை படிச்சுட்டுப் போடறேன்."

அவளுடைய விரல் முதல் வரியிலிருந்து ஊர்ந்து வந்தது. இணைப்பு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. அவள் தலை நிமிர்ந்து பார்த்தது அண்ணனை அல்ல, அதிகாரியை.

"இதுல தேதி தப்பா இருக்கும்மா," என்றாள். "செடி வந்தது போன வாரம் செவ்வாய்க்கிழமை. நான்தான் தினமும் தண்ணி ஊத்தறேன்."