கோயில் பெயரும் ரேஷன் பெயரும்

போன வாரம் செல்போனில் ஒரு படிவம் வந்தது. சிறுபான்மையினர் சம உரிமைக்காக இந்த ஆண்டும் கறுப்புக் கொடி நாள், ஆதரவு தருகிறவர்கள் நிரப்பி அனுப்பவும் என்று. எனக்குச் செல்போனில் நிரப்ப வராது. ஒரு கட்டத்தைத் தொட்டால் அது இரண்டு கட்டம் தாண்டிப் போய் நிற்கும். மில்லர்புரத்தில் ஒரு கடையில் கொடுத்துத் தாளில் எடுத்துக்கொண்டேன். தாள் சூடாக வந்தது. அந்தச் சூட்டோடு லேசாகக் கருகின மாதிரி ஒரு வாசனையும் வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறினாலே தாளைத் தூர வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

படிப்பு முடித்த கையோடு நான் ஓர் உரிமைக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தேன். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, கால் ஆடுகிற இரண்டு நாற்காலி, நான், செய்யது காக்கா. காக்கா காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்துவிட்டு வந்து மனு எழுத உட்கார்ந்தவர். திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுப்போம். வெறுங்கையோடு படியிறங்கும்போது, "இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கக்கெழம" என்பார். எத்தனை அடுத்த திங்கள்கிழமை என்று நான் கேட்டதில்லை.

விஷயம் ஒன்றுதான், இந்தக் கறுப்புக் கொடி நாளில் கேட்பதும் அதுவேதான். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர் இந்துவாக இருந்தால் எஸ்.சி. சான்றிதழ் உண்டு. கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ ஆகிவிட்டால் கிடையாது. யாராவது சாதியைச் சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடவும் முடியாது. ஞானஸ்நானம் வாங்கியதும் தெரு மாறிவிடுகிறதா, அடிக்கிறவன் கைதான் நின்றுவிடுகிறதா? முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளத்துக்குப் போகிறவர்கள் குடியிருந்த ஒரு தெருவில், அதனாலேயே எல்லாருக்கும் இரண்டு பெயர். ஓர் அக்கா ரேஷன் அட்டையில் சுடலைவடிவு, கோயிலில் எஸ்தர். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் முத்துமாரி, கோயிலில் மெர்சி. எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்.

நான் கடற்கரைக்காரி. எங்கள் மீனவர் தெருவில் கோயில் ஏட்டில் இருக்கிற பெயர்தான் பள்ளிக்கூட ஏட்டிலும் இருக்கும். நாங்கள் எஸ்.சி. பட்டியலில் இல்லை, அதைச் சொல்வதால் எங்களுக்கு எந்தச் சான்றிதழும் பறிபோகாது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது. திமிர் என்று இப்போது சொல்கிறேன், அப்போது அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். இத்தனை பேர் பெயரை மறைத்து வாழ்கிறார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டினால் அரசாங்கம் வெட்கப்பட்டுப்போகும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், இருபத்திரண்டு வயது.

வீடு வீடாகப் போனேன். இடப்பக்கம் ரேஷன் பெயர், வலப்பக்கம் கோயில் பெயர். யாருமே மறைக்கவில்லை. நம்ம பிள்ளை, நமக்காக அலைகிறது என்று நினைத்துச் சொன்னார்கள். எஸ்தர் அக்காவின் பாதம் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. "ஏளா, நின்னுக்கிட்டே எழுதுதியே, உக்காரு" என்று கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மெர்சி அப்போதுதான் எஸ்.சி. ஒதுக்கீட்டில் அரசு நர்சிங் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். அந்தத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண். அவள் வெள்ளை உடுப்பில் ஊருக்கு வந்த அன்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். பட்டியலோடு சான்றுக்கு ஏதாவது ஒன்று இணைக்க வேண்டும் என்றேன். பைபிளுக்குள் வைத்திருந்த மெர்சியின் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"கசக்கிராத ளா. புள்ள கல்யாணத்துக்கு வேணும்."

நகல் எடுக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், எங்கள் மனுக்களில் தவறாமல் கையெழுத்தும் போடுகிறவர். சூடான தாள்களை அடுக்கிக்கொண்டே நிறுத்தினார்.

"ஏம்மா, ரெண்டு பேரையும் ஒரே தாள்ல எழுதியிருக்கியே. இது யாரு கையில போவுது?"

"கலெக்டர் கையில, அண்ணாச்சி."

"அவரு படிப்பாரா, கீழ உள்ளவன் படிப்பானா?"

"உண்மையச் சொல்ல என்ன பயம்?" என்றேன். அவர் தாள்களைச் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார். காக்காவும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாவம், அதில் இருந்த ஆபத்து அவருக்கும் தோன்றவில்லை.

கீழே உள்ளவர்தான் படித்தார். இரண்டு மாதத்தில் மெர்சியின் சாதிச் சான்றிதழை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. எஸ்தர் அக்கா அதை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏளா, அது அடுப்பங்கரையில வச்சு உங்கிட்ட சொன்ன பேருல்லா?"

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது காக்கா சொன்னார்: "பட்டியலு பொய்னு சொல்லிரும்மா. அந்தப் பாவத்த நான் சுமக்குதேன்." சொன்னேன். வீடு வீடாகப் போகவே இல்லை, அறையில் உட்கார்ந்து என் இஷ்டத்துக்குப் பெயர்களை எழுதினேன் என்றேன்.

"முழுப் பட்டியலுமா?" என்றார் அதிகாரி.

"முழுசும் சார்."

அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மற்ற வீடுகள் எல்லாம் தப்பின. அதற்குப் பிறகு அவர் கடைசித் தாளைத் தூக்கிக் காட்டினார். "அப்போ இது?" போதகரின் கையெழுத்து, சபை முத்திரை, மெர்சியின் பெயர், அவள் பிறந்த தேதி. பட்டியலோடு நானே இணைத்த நகல். பக்கத்தில் நின்ற மெர்சி என்னைப் பார்க்கவில்லை.

சான்றிதழ் போயிற்று, அதோடு நர்சிங் இடமும் போயிற்று. மேல்முறையீடு, வக்கீல், வாய்தா என்று சில வருஷம் அலைந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் எந்த மனுவைக் கொண்டுபோனாலும், "உங்க பட்டியலு பொய்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களே" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார்கள். காக்கா அறையைக் காலி செய்துவிட்டு மகனோடு துபாய்க்குப் போய்விட்டார். நான் ஒவ்வொரு வருஷமும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்கிறேன். கேட்பது நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோஷம் போடும்போது என் குரல் எழும்புவதில்லை. அலுத்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது, மன்னிப்புக் கேட்கத்தான் இருக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தெருவே பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும். அன்றைக்குப் பெண்கள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். மெர்சி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்து, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல காரியந்தான்க்கா. நீங்க போடுங்க."

எட்டு வயது மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் கேட்டேன். முத்துக்கனி என்றாள். இத்தனை பட்டும் புத்தி வராத நான், "கோயில்ல என்ன பேரு?" என்று கேட்டுவிட்டேன்.

குழந்தைக்குப் புரியவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"இவளுக்கு ஒரு பேருதான்க்கா" என்றாள் மெர்சி.