கடைசிப் பத்தி இல்லாத மன்னிப்பு

நீதிமன்ற மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற மூலையில், முப்பத்தோரு வருஷமாக மனு டைப் அடித்துக்கொண்டிருந்தவருக்கு அங்கே ‘கடைசிப் பத்தி’ என்று பெயர். எந்தப் பத்திரமானாலும் முடிவில் ஒரு பத்தி சேர்த்துவிடுவார்: ‘இதில் கண்ட எதையும் மனுதாரர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது.’ தொழிலுக்கு வந்த புதிதில் அதை விட்டுவிட்டதால் ஒருவருக்கு வீடு போனது. அன்றிலிருந்து மூளையைக் கேட்காமல் விரலே அதை அடித்துவிடும். கல்யாணப் பத்திரிகையிலும் அடித்துவிட்டார் என்று பக்கத்து மேசைக்காரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பொய்தான். நம்பாதவர் ஒருவரும் இல்லை.

அவருடைய தங்கை ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட வழக்கு ஒன்பது வருஷம் ஓடியது. நாற்பத்து மூன்று வாய்தா. ஒவ்வொன்றுக்கும் அண்ணன்தான் மனு அடித்தார். நாற்பத்து நாலாவதுக்கு முந்தின வாரம் அவள் செத்துப்போனாள். ‘மனுதாரர் இறந்துவிட்டபடியால் வழக்கு முடிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் உத்தரவு வந்தது.

அந்தக் காகிதத்தோடு வெளியே வந்தவரிடம் யாரோ ஒருத்தன் செல்போனை நீட்டி, “என்னாச்சு சார்?” என்றான்.

“என்ன ஆகும்? நீதிபதி விலை போயிட்டார். உள்ள நடக்கிறது ஏலம். ரேட்டு வேணும்னா சொல்லுங்க, நானே டைப் அடிச்சு வாசல்ல ஒட்டுறேன்.”

இரண்டு நாளில் அதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். சிரித்தார்கள், கைதட்டினார்கள், அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள். உண்மை என்னவென்றால் நீதிபதி பத்துக் காசு வாங்கவில்லை. லஞ்சம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்த வழக்கில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. அது பேசினவருக்கும் தெரியும்.

நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் வந்தது.

“ஆறு மாசம் உள்ள வைக்கலாம். மாடிப்படி இடமும் போயிடும்,” என்றார் தங்கையின் வழக்கை நடத்திய வக்கீலம்மா. “நிபந்தனையில்லாம மன்னிப்பு கேட்டுடுங்க. பிரமாணப் பத்திரத்தை என் ஆபீஸ்ல அடிச்சுக்கலாம்.”

ஜெயிலைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. அந்த இடம் போனால் அப்புறம் தான் யார் என்பது அவருக்கே தெரியாது.

“என் மன்னிப்பை இன்னொருத்தர் அடிக்கிறதா மேடம்? வேற வினையே வேண்டாம்.”

அவரே அடித்தார். வக்கீலம்மா அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். இரண்டாம் பக்கத்தை அவமதிப்பு வழக்கை விசாரித்த நீதிபதி உரக்கப் படித்தார்: “‘இதில் கண்ட எதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது.’ என்னங்க இது? மன்னிப்பு கேக்குறீங்களா, பேரம் பேசுறீங்களா?”

கோர்ட்டே சிரித்தது. பழக்கத்தில் விரல் அடித்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

“ஒரு மணி நேரம் தர்றோம். பேசினது அத்தனையும் பொய், கெட்ட எண்ணத்தோட, தெரிஞ்சே பேசினேன்னு எழுதி எடுத்துட்டு வாங்க.”

வராந்தாவில் மனைவி நின்றிருந்தாள். “எங்கிட்ட ஒரு நாளாவது மன்னிப்பு கேட்டிருந்தா பழக்கம் இருந்திருக்கும். இப்ப சரியா வந்திருக்கும்,” என்றாள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாளோ என்னவோ.

மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அடிக்க ஆரம்பித்தால் விரல் நேராகக் கடைசிப் பத்திக்கே போனது. பக்கத்து மேசைக்காரி தன் கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டாள். “நீங்க சொல்லுங்கண்ணே, நான் அடிக்கிறேன்.”

சொன்னார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தங்கைக்காகப் பேசியது பொய். தெரிந்தே பேசினது. கெட்ட எண்ணத்தோடு பேசினது. ஒவ்வொரு வரியையும் அவள் அடித்து, சத்தமாகத் திருப்பிப் படித்தாள்.

“அவ்வளவுதானாண்ணே? கடைசியில ஏதும் சேர்க்கணுமா?”

“அவ்வளவுதாம்மா.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் மன்னிப்பு ஏற்கப்பட்டது, ஜெயில் இல்லை. இடம் தப்பித்தது என்று அன்று வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நீதிமன்றத்தின் மேல் தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு பொய் பரப்பியதாகச் சத்தியம் செய்து ஒப்புக்கொண்டவர் வளாகத்தில் தொழில் செய்யத் தகுதியற்றவர், அனுமதி ரத்து. ஆதாரம், அவருடைய பிரமாணப் பத்திரம்.

வக்கீலம்மா கடிதத்தை மடித்துக் கொடுத்தார். “இந்த ஒப்புதலை வச்சு வேற நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே உத்தரவுல ஒரு வரி கேட்டு வாங்கியிருக்கலாம். எனக்குத் தோணல.”

“எனக்கும் தோணல மேடம்.”

தோன்றியிருந்தது. சொல்லத்தான் பயமாக இருந்தது.

பிற்பகல் அவர் பிரிண்டரைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரியின் தம்பி ஒரு மேசையோடு வந்து நின்றான். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. சும்மா விட்டா வெளியாள் எவனாவது வந்து உக்காந்துடுவான்.”

“அதுவும் சரிதான்,” என்றார்.

மேசை கனமானது. அந்தத் தம்பியால் தனியாகத் திருப்ப முடியவில்லை. மறுபக்கத்தை இவர் பிடித்துக்கொண்டார். “இடப்பக்கம் கொஞ்சம் தள்ளு. மழை பெஞ்சா அங்கதான் ஒழுகும்,” என்றார்.