என் படம் போட்ட ரசீது

தாயில்பட்டி மாடத்திக்கு நான் மூவாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். கைமாற்றாக வாங்கியதில்லை, வட்டிக்கு வாங்கியதுமில்லை. எழுபத்திரண்டு வயதுக்கு ஊர்க்காவலன் என்கிற நான் ஒருத்தர் வாசலில் போய்க் கை நீட்டியது கிடையாது. இது என் வாய் வாங்கி வைத்த கடன்.

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் பாதியில் நின்றது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கித்தான் பிழைப்பைத் தொடங்கினேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தேன், கண்மாய் மீன் எடுத்தேன், புளியமரம் எடுத்தேன். காரியாபட்டி வரைக்கும் போய் ஏலம் கேட்டிருக்கிறேன். படித்தவன் நாலு பேர் பேனாவைத் திறப்பதற்குள் நான் மனசிலேயே கணக்குப் போட்டுத் தொகையைச் சொல்லிவிடுவேன். இன்று இரண்டு மாடி வீடு. மாடிக்கு மார்பிள்.

ஆனால் இது என் கதை இல்லை. மாடத்தியின் கதை. சொல்லவேண்டியது நான்தான், ஏனென்றால் அவள் ஜெயித்தது என்னிடம்.

மாடத்தியின் அய்யா பருத்திக்காட்டில் கூலி. மழை பொய்த்துப் பொய்த்துக் காடு தரிசாகவே கிடந்ததால் அவளைப் பன்னிரண்டு வயதில் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். சரவெடி பின்னுவாள். ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலில் கோத்து, முடிச்சு விழாமல் முறுக்கி, ஆயிரம், இரண்டாயிரம் என்று பின்னுகிற வேலை. பின்னிய சரத்துக்குத்தான் கூலி. சாயங்காலம் கணக்குப்பிள்ளை ஒன்று இரண்டைக் குறைத்து எழுதுவான். அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு துண்டு நூலை இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். கணக்குப்பிள்ளை "இருபது" என்றால், மாடத்தி நூலை அவிழ்த்துப் போட்டு "இருபத்திரெண்டு, எண்ணிப் பாருங்க" என்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் ஒரு சரம் ஏமாற்ற முடிந்ததில்லை.

சரவெடிக்குக் கோர்ட்டுத் தடை வந்ததும் அவள் கைக்கு வேலை போயிற்று. மற்றவர்கள் வேறு வெடி செய்யப் போனார்கள். இவள் கடலோர வேம்பாருக்கு பஸ் ஏறி, ஒரு மூட்டை நெத்திலிக் கருவாட்டைத் தலையில் சுமந்து வந்து, எங்கள் ஊர் வியாழக்கிழமைச் சந்தையில் வாசலுக்கு வலப்பக்கம் முதல் இடத்தில் உட்கார்ந்தாள். எழுப்ப வந்தவர்களிடம், "நாத்தம் பொறுக்கலன்னா நீங்க தள்ளி உக்காருங்க" என்றாள். அந்த இடம் அவளுக்கு ஆனது அப்படித்தான்.

அந்தச் சந்தைக்குத்தான் வழக்கு வந்தது.

நிலம் எங்களுடையது என்றது ஊராட்சி. கொட்டகை போட்டு, சுவர் எழுப்பியது நாங்கள், வசூலும் எங்களுக்கே என்றது ஒன்றியம். இரண்டு ஆபீசும் அரசாங்கம்தான், ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன. ஆனால் பேச்சுவார்த்தை மதுரை ஹைகோர்ட்டில். வழக்கு நடக்கும்போதே ஊராட்சி ஏலம் விட்டது. இரண்டு வருஷத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று நான் எடுத்தேன். அடுத்த மாதமே ஒன்றியமும் ஏலம் விட்டது. அதை முனியராஜ் எடுத்தான். வியாழக்கிழமை காலையில் சந்தைக்குள் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கடைக்கு நாற்பது ரூபாய் எனக்கு, நாற்பது ரூபாய் அவனுக்கு. கத்தரிக்காய் விற்கிறவள் ஒரு நாளில் எத்தனை நாற்பது பார்ப்பாள்? நாலு வாரத்தில் பாதிக் கடை வரவில்லை.

நான் சும்மா இருப்பேனா? சந்தை நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"முனியராஜுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க. எனக்குக் குடுங்க. நாளைக்கு எந்தக் கோர்ட்டு மாத்திச் சொன்னாலும், வாங்குன காசை நான் திருப்பித் தாரேன். பேசுறது ஊர்க்காவலன்!"

கைதட்டினார்கள். நான் அதோடு நின்றிருக்கலாம். நேரே விஸ்வநத்தம் போய் நல்லசிவத்தின் அச்சாபீசில் ரசீதுப் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்தேன். எங்கள் பக்கம் காது குத்துக்கே எட்டு கலரில் போஸ்டர் அடிப்போம். சந்தை ரசீது மட்டும் என்ன பாவம் செய்தது? என் படத்தை மேலே போடச் சொன்னேன். தங்க நிற பார்டர். கீழே, ஸ்டூலில் நின்று சொன்னதை அப்படியே எழுத்தில்: எந்தக் கோர்ட்டு மாற்றிச் சொன்னாலும் இந்த ரசீதுக்குரிய பணம் திருப்பித் தரப்படும், பொறுப்பு ஊர்க்காவலன்.

நல்லசிவம் புரூஃபைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, படம் இருக்கட்டும். இந்த வரி வேண்டாம்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"பிழை இல்ல. சரியா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"ஒம்ம வேலை அச்சடிக்கிறது. அடியும்" என்றேன்.

முனியராஜ் விடுவதாக இல்லை. ஒன்றியத்து ஆட்களோடு வந்து அவனும் வசூலித்தான். ஜனம் இரண்டு பக்கமும் கட்டியது. என் ரசீதைப் பார்த்துத்தான் என் நாற்பதைக் கட்டினார்கள், அது வாபஸ் வரும் காசு என்று. வாங்கிய கையோடு பாதிப் பேர் அதில் வடையை வைத்துத் தின்று எறிந்தார்கள். மாடத்தி எறியவில்லை. மடித்து இடுப்பில் செருகினாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சந்தை ஒன்றியத்துக்கு. ஊராட்சி விட்ட ஏலம் செல்லாது.

நான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். "ஏலம் செல்லாதுன்னா என் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்?" என்றேன். மேல்முறையீடு போகிறோம், பொறுங்கள் என்றார்கள். ஒன்றியத்துக்குப் போனேன். பணம் வாங்கியது அவர்கள், அங்கே கேளுங்கள் என்றார்கள். சண்டை போடும்போது இரண்டு பேருக்கும் சந்தை வேண்டும். காசு கேட்கும்போது இரண்டு பேருக்கும் நான் வேண்டாம்.

அந்த வாரம் மாடத்தி வீட்டுக்கு வந்தாள். கூடவே மகள் மாரிசெல்வி, கல்லூரியில் படிக்கிறவள்.

"அண்ணாச்சி, ஒன்றியத்துல சிமெண்டு மேடை கட்டுதாக. வார வெள்ளிக்கெழமைக்குள்ள நாலாயிரம் கட்டுனாத்தான் என் எடம் எனக்கு. இல்லன்னா ஏலத்துல விட்ருவாக. நீங்க தர வேண்டியது மூவாயிரத்து எண்ணூத்தி எம்பது. தாங்க, மிச்சத்தை நான் போட்டுக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏளா, என்னைத் தோக்கடிச்ச ஒன்றியத்துக்குக் கட்ட, என்கிட்டயே காசு கேக்கியா?"

"எடம் வேணும்னா ஜெயிச்சவுகட்டதான அண்ணாச்சி கேக்கணும்."

"ஊராட்சி எனக்குத் தரட்டும். நான் ஒனக்குத் தாரேன்."

அவள் மகளைப் பார்த்தாள். மாரிசெல்வி ரசீதில் இருந்த வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். என் வார்த்தையை என் வீட்டு வாசலில் நின்று இன்னொருத்தர் வாசித்துக் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

"ஊராட்சி மூஞ்சியா இதுல இருக்கு?" என்றாள் மாடத்தி. "ஒங்க மூஞ்சிதான இருக்கு."

"போளா, போய் கேஸ் போடு. நான் பாக்காத கோர்ட்டா?"

"கேஸ் போட்டு மாளுமா? ரெண்டு ஆபீசே போட்டுக் கெடக்கு" என்றாள். கோபமே இல்லாமல் படியிறங்கிப் போனாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய மூவாயிரம் எனக்கு ஒரு காசில்லை. ஆனால் கடைகள் அறுபத்தொன்று. அத்தனை பேரும் வந்தால் இரண்டரை லட்சம். ஏலத்தில் போட்டது வரவில்லை, வசூலித்ததையும் கொடுத்துவிட்டால் மார்பிள் மாடியை விற்க வேண்டும்.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் அவளுக்குக் கெடு. நான் எப்போதும்போல வெள்ளைச் சட்டை போட்டுச் சந்தைக்குப் போனேன். குத்தகை போனாலும் கால் போகுமே. வாசலிலேயே சிரிப்புச் சத்தம்.

மாடத்தியின் கடைக்கு மேலே, இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒரு சரம் தொங்கியது. பின்னியிருந்தது சரவெடி பின்னுகிற அதே பின்னல். வெடிக்குப் பதில் ரசீது. தங்க பார்டருக்குள் நான் சிரித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கினேன். தொண்ணூற்றேழு ஊர்க்காவலன், கீழே நெத்திலி. காற்று அடித்தால் அத்தனை பேரும் தலையாட்டினோம்.

தக்காளிக்கடை தங்கச்சாமி கேட்டான். "ஏ மாடத்தி, இந்தச் சரம் எப்ப வெடிக்கும்?"

"தடை பண்ணுன சரம்லா, வெடிக்காது" என்றாள் அவள். "ஆனா புகையும்."

முனியராஜ் இந்தப் பக்கமாக வந்து, என்னைப் பார்த்து, "அண்ணாச்சி கருவாட்டுக்கு நல்ல காவல்" என்றான்.

சந்தையே என்னைப் பார்த்தது. சரத்தைப் பிய்த்து எறிய எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கை கூட உயர்ந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த வழக்கில் இரண்டு ஆபீசும் ஆயிரம் பேப்பர் கொடுத்தன. ஒன்றிலாவது ஒரு மனுஷன் முகம் இருந்ததா? தருகிறேன் என்று ஒரு ஆளாவது எழுதினானா? நான் எழுதினேன். என் படத்தைப் போட்டு எழுதினேன். அதை நானே கிழித்தால், முனியராஜுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பக்கத்துக் கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். முழங்கால் வலித்தது, ஏறினேன்.

"எல்லாரும் கேளுங்க. ரெண்டு ஆபீசும் ஒருத்தன் மேல ஒருத்தன் கையைக் காட்டிக்கிட்டு நிக்கட்டும். சாகுற வரைக்கும் நிக்கட்டும். நான் சொன்ன சொல்லுல நிக்கேன். என் படம் போட்ட ரசீது எவர்ட்ட இருந்தாலும் கொண்டாங்க. ஒரு ரசீதுக்கு நாப்பது. முனியராஜு, நீ வாங்குனதை நீ எப்பத் தருவேன்னு இவுக கேக்காக!"

முனியராஜ் டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்கு ஆளனுப்பிப் பணப்பையை வரவழைத்தேன். அரிசிப் பானைக்குள்ளிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, ரசீதுகள் வந்தன. ஒருத்தி எண்ணெய்க் கறையோடு ஒன்றே ஒன்று கொண்டுவந்தாள். வடை தின்றவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எழுபத்தோராயிரம் போயிற்று. போகட்டும். ஊராட்சி மேல் இப்போது நானே கேஸ் போட்டிருக்கிறேன், மூன்றாம் வகுப்புக்காரன். வாய்தாவுக்கு வாய்தா நானே போய் நிற்கிறேன்.

மாடத்தியை முதலில் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. நெத்திலி நிறுத்துக்கொண்டே, "எல்லாரும் முடிக்கட்டும் அண்ணாச்சி. சரத்துல கடைசி வெடிதான் பெருசு" என்றாள்.

கடைசியாக எழுந்து வந்தாள். சரத்தை அவிழ்த்து, ஒரு முடிச்சும் விழாமல் என் தோளில் மாலையாகவே போட்டாள். தொண்ணூற்றேழும் கருவாட்டு நாற்றம்.

"எண்ணிக்கிடுங்க."

"நீ எண்ணுனதை நான் எண்ணவா?" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். ஐந்நூறு ஏழு, நூறு மூன்று, ஒரு ஐம்பது, மூன்று பத்து. வாய்விட்டு எண்ணி வைத்தேன். மூவாயிரத்து எண்ணூற்று எண்பது.

"தொண்ணூத்தெட்டாவது வாரமும் கட்டுனேன்" என்றாள். "அந்த ரசீது மழையில நனைஞ்சு கூழாப் போச்சு. அதுக்கு நான் கேக்க மாட்டேன். கையில இல்லாததைக் கேட்டுப் பழக்கம் இல்ல."

"நனைஞ்சாலும் அது என் மூஞ்சிதாம்ளா" என்றேன்.

சட்டைப்பையில் துழாவினேன். அவள் இன்னும் கையை மூடவில்லை. ஒரு இருபது வைத்தேன். அதன்மேல் இன்னொரு இருபது.